ரிஷி அனுப்பிய ஆள்

அந்தத் துணிக்கடையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ரிஷி’ என்றால்தான் தெரியும். வெளியே போகிற வாசலில் நின்றுகொண்டு, துணி வாங்கினவர்களின் பில்லையும் பையையும் ஒத்துப் பார்த்து முத்திரை குத்துவது வேலை. நெஞ்சுவரை இறங்கின நரைத் தாடி, சிரிப்பு எட்டிக்கூடப் பார்க்காத முகம். ஒருவர் நடந்து வருகிற நடையை வைத்தே “இது சரியில்லை” என்பார். சில நாள் அவர் சொன்னது சரியாக இருக்கும். பல நாள் யாரோ ஒரு பாவப்பட்ட மனுஷர் பையைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு முணுமுணுத்துக்கொண்டே போவார். அதெல்லாம் கணக்கில் வராது.

மதியம் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் போதும், ரிஷிகள் வரிசையாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள். வசிஷ்டர், விசுவாமித்திரர், அகத்தியர் எல்லோரும் சொந்தப் பெரியப்பா சித்தப்பா மாதிரிதான் அவருக்கு. “துர்வாசர் கொஞ்சம் முன்கோபி, மத்தபடி தங்கமான மனுஷர்” என்று வக்காலத்து வேறு வாங்குவார். ஆனால் உயிர் என்னவோ ஜமதக்னி மேல்தான். அவர் மனைவி ரேணுகா தினமும் ஆற்றங்கரையில் பச்சை மண்ணைப் பிசைந்து, சுடாத குடத்தில் தண்ணீர் கொண்டுவருவாளாம். பத்தினி என்பதால் குடம் கரையாதாம். ஒருநாள் வானத்தில் போன கந்தர்வனின் நிழலைத் தண்ணீரில் பார்த்தாள், ‘என்ன அழகு’ என்று ஒரு நொடி நினைத்தாள். அன்றைக்கு மண் சேரவே இல்லை.

“வெறுங்கையோட வந்து நின்னா. மனுஷர் ஒரு கேள்வி கேக்கல. பாத்ததும் தெரிஞ்சுக்கிட்டார். அதுக்குப் பேருதான் கண்ணு” என்பார் ரிஷி. அதற்கப்புறம் நடந்ததைச் சொல்லத்தான் அவருக்கு எப்போதும் நேரம் இருக்காது, டப்பா கழுவப் போய்விடுவார்.

அந்தக் கண்ணைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் ஒரு பாடும் இல்லை. வீட்டுக்கும் அல்லவா தூக்கிக்கொண்டு போனார்!

அவர் மனைவிக்கு ஒரு பல் டாக்டரிடம் வேலை. வருகிறவர்களை உட்காரவைத்து, வரிசைப்படி உள்ளே அனுப்ப வேண்டும். சாயங்காலம் வேலை முடிந்தால் அரைமணி நேரத்தில் பஸ் வீட்டுப் பக்கம் கொண்டுவந்து விட்டுவிடும். கொஞ்ச நாளாக அந்த அரைமணி நேரம் இழுத்துக்கொண்டே போனது. கேட்டால் “பஸ் கிடைக்கல” என்பாள். சரி, பஸ்ஸை நம்பலாம். அவள் முகத்தை எப்படி நம்புவது? உள்ளே வரும்போது அதில் ஒரு தெளிவு இருந்தது, ஏதோ நன்றாகத் தூங்கி எழுந்த முகம். நாள் பூராவும் பல்வலிக்காரர்களோடு மாரடித்தவள் முகமா இது? முப்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவள். கையைவிட்டுப் போகிறாளோ என்று பயந்தார். பயத்தைப் பயம் என்று சொல்லியிருந்தால் யாராவது ஆறுதல் சொல்லியிருப்பார்கள். அவரோ துப்பறியக் கிளம்பினார்.

முதலில் குரலை மாற்றி அந்தப் பல் டாக்டரின் கிளினிக்குக்குப் போன் போட்டு அவளைக் கேட்டார். “அவங்க அப்பவே கிளம்பிட்டாங்களே, உங்களுக்கு என்ன பிரச்சினை சார்?” என்றது ஒரு பெண் குரல். திக்கித் திணறிக் கடைவாய்ப்பல் என்று சொல்லிவைத்தார். மறுநாள் காலையிலேயே வரச் சொல்லிவிட்டார்கள். நல்ல பல்லுக்கு வைத்தியம் பார்க்கத் தேதி வாங்கின முதல் ஆள் அவராகத்தான் இருக்கும்.

அடுத்து மகளைப் பிடித்தார். “ஒரே ஒரு நாள் அம்மா பின்னாடி போய்ப் பாரும்மா.”

“உங்களுக்கே இது அசிங்கமா தெரியலையாப்பா?” என்றாள் அவள். அன்றோடு மகளிடம் பேச்சு நின்றது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, “அவளைக் குழாயை மூடச் சொல்லு” என்று சுவரிடம் சொல்வார்.

மிச்சம் இருந்தது மகன். வேலைக்குப் போகிற பிள்ளை. அப்பா பேச்சைத் தட்டிப் பழக்கமில்லை. அவர் சொன்னதைக் கேட்டு முகம் சுண்டிப்போனான், ஆனாலும் போனான். ஒருநாள் அல்ல, அந்த வாரம் முழுக்க.

வெள்ளிக்கிழமை அவன் திரும்பி வந்தபோது ரிஷி கதவோரமே நின்றிருந்தார்.

“யாரோட இருந்தா?”

“யாரும் இல்ல. பஸ் ஸ்டாண்ட்ல கடைசி பெஞ்சுல, பையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க.”

“போன்ல பேசினாளா?”

“போனை வெளியவே எடுக்கல. நம்ம பஸ் வந்துச்சு, ஏறல. அடுத்ததுலயும் ஏறல. சும்மா போறவங்க வர்றவங்களப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. தினமும் இதேதான்பா.”

ரிஷிக்கு அப்பாடா என்றிருந்தது. ஏன் ஏறவில்லை என்று கேட்கத் தோன்றவே இல்லை. ஒருத்தனும் இல்லை, அது போதும். பிள்ளை தோளைத் தட்டினார். “நீதான்டா என் பிள்ளை. என்ன வேணும், கேளு.”

மகன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “உங்க ஜமதக்னியும் இப்படித்தானேப்பா கேட்டார்?”

“எப்ப?”

“நீங்க சொல்லாம விட்டுடுவீங்களே, அந்த இடத்துல. அம்மாவை வெட்டுடான்னு பிள்ளைங்ககிட்ட சொன்னார். மூத்த பிள்ளைங்க மாட்டேன்னாங்க, அவங்களச் சபிச்சார். கடைசிப் பிள்ளை பரசுராமன் வெட்டினான். அதுல சந்தோஷப்பட்டு, என்ன வரம் வேணும்னார். அம்மா திரும்ப உயிரோட வரணும், நான் வெட்டினது அவங்களுக்கு ஞாபகமே இருக்கக் கூடாதுன்னான். எனக்கும் அதுதான் வேணும். நான் பின்னாடி போனது அம்மாவுக்கு ஞாபகம் இருக்கக் கூடாது.”

“அவளுக்குத்தான் தெரியாதே.”

“இன்னைக்குப் பாத்துட்டாங்க. தூணுக்குப் பின்னால நின்னேன். கூப்பிட்டு பக்கத்துல உக்கார வெச்சாங்க. ‘அப்பா அனுப்பினாரா’ன்னு கேட்டாங்க. என்னால பொய் சொல்ல முடியலப்பா. சரி, நீ முன்னால போ, நான் வரேன்னு சொன்னாங்க.”

மறக்கடிக்க ரிஷி எந்தத் தவத்தைச் செய்திருந்தார்?

மாடிப்படியில் காலடி கேட்டது. அவள் வந்தாள். கத்துவாள், அழுவாள் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. செருப்பை ஓரமாக விட்டாள், மகன் தலையை ஒருமுறை தடவினாள். “சாப்பிட்டியாடா?” என்றாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“ஏங்க, அந்த பெஞ்சுல உக்காந்தா யாரும் என்னை ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. அதுக்குத்தான் உக்காந்திருந்தேன்.”

“நான் எதுக்குச் சொன்னேன்னா…” என்று ஆரம்பித்தார்.

“இனிமே நேரா வீட்டுக்கே வந்துடறேன். இப்ப அங்கயும் ஆள் போட்டாச்சு, எங்க உக்காந்தா என்ன?”

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் விளக்கைப் போட்டாள். மறுநாளிலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்தாள். ரிஷி கதவைத் திறப்பார். அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போவாள்.