பதினொரு வருடம் என்று எழுதினேன்

நான் துடைக்க வேண்டிய தரையை எனக்கு முன்பே யாரோ துடைத்து வைத்திருந்தார்கள். துப்புரவு வேலை செய்கிறவனுக்கு இதைவிடப் பயம் தருகிற காட்சி கிடையாது.

மெல்பேர்னின் வடக்கே, கவுன்சிலுக்குச் சொந்தமான பழைய மண்டபம் அது. சனிக்கிழமைகளில் பதினொரு மணிக்கு, குங்ஃபூ வகுப்பு முடிகிற நேரம் பார்த்துத்தான் போவேன். போகும்போதெல்லாம் தரை பளபளவென்று இருக்கும். நானும் மேலோட்டமாக ஒரு தடவை இழுத்துவிட்டு வந்துவிடுவேன். ஒரு சனிக்கிழமை பஸ் முந்தி வந்துவிட்டது. உள்ளே எட்டிப் பார்த்தால், கறுப்புக் காற்சட்டை போட்ட பதினைந்து இருபது பேர், என்னுடைய மொப்பையும் என்னுடைய வாளியையும் எடுத்து முறை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் பல் வைத்தியர் என்று பிறகு தெரிந்தது.

சுப்பர்வைசர் இதைக் கண்டால் எனக்கு எதற்குச் சம்பளம் என்று கேட்பான். வேலை போனால் வாடகை என்னாகும், வேலையில்லை என்பது விசாப் பைலில் ஏறுமா? அரை நிமிடத்தில் மனம் இவ்வளவு தூரம் போய்த் திரும்பிவிட்டது. நேரே அவர்களுடைய ஆசிரியரிடம் போய்க் கும்பிடாத குறையாகக் கேட்டேன்.

"தயவுசெய்து ஊத்தையா விட்டுட்டுப் போங்கோ."

அவர் சிரித்தார். அறுபது வயது இருக்கும். கட்டையான உருவம், மொட்டைத் தலை, முழங்காலில் பட்டி.

"ஏலாது. படிக்க வாற ஆள் தரையைத் துடைச்சிட்டுத்தான் போகவேணும். அது எங்கட சட்டம்."

"எனக்கும் அதுதான் சட்டம்."

"அப்ப நீயும் படிக்க வா" என்றார்.

நாங்கள் பேசியது ஆங்கிலம். இரண்டு பேருடைய ஆங்கிலமும் ஒரே இடங்களில் உடைந்திருந்ததால் விளங்குவதில் சிரமம் இருக்கவில்லை. இங்கே அதைத் தமிழில் எழுதுகிறேன். கடைசியில், தரை அவர்களுக்கு, கழிப்பறையும் ஜன்னலும் எனக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டோம்.

மாணவர்கள் அவரைச் சிஃபு என்பார்கள். ஆசிரியரும் தகப்பனும் சேர்ந்த மாதிரி ஒரு சொல் என்று விளக்கினார். நான் அவரை மாஸ்டர் என்றேன். எங்கள் ஊரில் கணக்குப் படிப்பிக்கிறவரையும் அப்படித்தான் கூப்பிடுவோம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கூப்பிட எனக்கு அதிகம் மாஸ்டர்மார் கிடைக்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் பின்படியில் இருந்து பணிஸ் சாப்பிடுவார். ஆவியில் வேகவைத்த வெள்ளைப் பணிஸ், சீனர்களின் பன். எனக்கும் ஒன்று நீட்டுவார். அப்படிச் சாப்பிட்ட சனிக்கிழமைகளில்தான் அவருடைய கதை துண்டு துண்டாகத் தெரியவந்தது. ஹொங்கொங்கில் பதினாலு வயதில் சேர்ந்திருக்கிறார். அவருடைய ஆசிரியர் எலும்பு முறிவு நெரிவு பார்க்கிற வைத்தியர். பகலில் நோயாளிகள் குந்தியிருந்த அறையே மாலையில் வகுப்பு. முதல் ஆறு மாதம் முழங்காலை மடித்து, குதிரையில் இருக்கிற மாதிரி அப்படியே நிற்பது மட்டும்தான் பாடம். குத்து இல்லை, உதை இல்லை.

"ஆறு மாதம் சும்மா நிண்டதா?"

"சும்மா இல்ல. அழுதுகொண்டு நிண்டனான்."

பிறகு ஆசிரியர் மெல்பேர்னுக்கு வந்து ஒரு கடைக்கு மேல்மாடியில் பள்ளி தொடங்க, இவரும் பின்னால் வந்திருக்கிறார். வாத்து வாட்டுகிற கடையில் இறைச்சி வெட்டினார். அதன் பிறகு, இன்றுவரைக்கும், விடிய முன்னர் மொத்தச் சந்தையில் மரக்கறி ஏற்றிச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போடுகிறார். குங்ஃபூ மாஸ்டர் என்றால் மலை உச்சியில் தாடியோடு இருப்பார் என்று நினைத்திருந்தேன். இவர் பூக்கோசுப் பெட்டி தூக்கி முழங்கால் தேய்ந்தவர்.

பள்ளி தொடங்கிக் கொஞ்சக் காலத்தில் ஆசிரியருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு இருபது வருடம் அவர் கதிரையில் இருந்து பார்த்தார்; இவர் முன்னால் நின்று செய்து காட்டினார். பிழை என்றால் கதிரையிலிருந்து தடியால் தரையில் ஒரு தட்டு. ஆசிரியர் இறந்து செத்தவீடு முடிந்த பிறகு, மூத்த மாணவர்கள் இவருக்கு முன்னால் முழங்காலில் இருந்து தேத்தண்ணி நீட்டினார்கள். அதை வாங்கிக் குடித்த நாளிலிருந்து இவர் சிஃபு. அது நடந்து பதினொரு வருடம்.

நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆனபோது கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. மண்டபத்தில் சண்டைக்கலை படிப்பிக்கிறவர்கள் எல்லோரும் தலைமைப் பயிற்சியாளராகப் பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் இந்தத் தவணை வகுப்புகள் முடிந்ததும் இடம் இல்லை. கூடவே நாலு பக்கப் படிவம்.

அதை அவர் பின்படிக்குக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"எனக்கேன் தாறீங்கள்? உங்கட ஆக்களில பல் டொக்டரே இருக்கிறார்."

"மாணவன் சிஃபுவைப் பற்றி எழுதக் கூடாது. சிஃபுவும் தன்னைப் பற்றி எழுதச் சொல்லி மாணவனைக் கேட்கக் கூடாது. நீ மாணவன் இல்ல."

படிப்பு இல்லாவிட்டாலும் படிவம் எனக்குத் தெரியும். இந்த நாட்டுக்குப் படகில் வந்து இறங்கிய நாளிலிருந்து நான் நிரப்பிய படிவங்களை அடுக்கினால் முழங்கால் உயரம் வரும். அதில் படித்த பாடம் ஒன்றுதான். முதல் அகதி நேர்முகத்தில், ஊரில் என்னை ஒன்பது நாள் பிடித்து வைத்திருந்ததை நான் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. இரண்டாவது நேர்முகத்தில் சொன்னேன். "இதை முதலே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார்கள். அந்த ஒரு கேள்வியில் என் வழக்கு இடறி விழுந்தது. மேல்முறையீட்டில் இன்னும் எழும்பவில்லை. அதிலிருந்து, எவன் என்ன கேட்டாலும் கேட்டதற்கு மட்டும் பதில். மிச்சம் ஒரு சொல் கிடையாது.

"எத்தனை வருடம் படிப்பிக்கிறீங்கள்?"

"பதினொண்டு."

"இஞ்ச குறைஞ்சது பதினைஞ்சு எண்டு போட்டிருக்கு, மாஸ்டர். அதுக்கு முதல் இருபது வருடம் நீங்கள்தானே முன்னுக்கு நிண்டனீங்கள்?"

"அது என்ர சிஃபுவின்ர பள்ளி. அவர் படிப்பிச்சவர். நான் நிண்டனான், அவ்வளவுதான். உள்ளதை எழுது."

பதினொன்று என்று எழுதினேன். கீழே ஒரு பெட்டி இருந்தது. வேறு பயிற்றுவித்த அனுபவம் என்று தலைப்பு. ஏழு வரி எழுத இடம். பேனா அதற்கு மேலே நின்றது. அவர் தன் வாயால் சொல்லாத ஒன்றை நான் எழுதி, நாளைக்கு அவரிடம் கேட்டு, அவர் இல்லை என்று சொன்னால்? அடிமட்டத்தை வைத்து ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு நேர்கோடு போட்டேன். வெறுமையாக விட்டால் யாராவது பிறகு எதையாவது எழுதிவிடுவார்கள் என்பது என் இன்னொரு பயம்.

மூன்று கிழமையில் பதில் வந்தது. அனுபவம் போதாது. மேலதிக விபரம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்கு முன் நேரில் வரவும்.

கிரெய்கிபர்ன் புறநகரில் என்னோடு ஒரே வீட்டில் இருப்பவன் என்னோடு ஒரே படகில் வந்தவன். டைல்ஸ் பதிக்கிறான். குசினியில் புட்டு அவித்துக்கொண்டு கடிதத்தையும் படிவத்தின் பிரதியையும் வாங்கிப் பார்த்தான்.

"மச்சான், இந்தக் கோடு ஆர் போட்டது?"

"நான்தான்."

"இருபது வருடத்துக்குக் குறுக்கால கோடு போட்டிருக்கிறாய். ஒரு மனிசன்ர சீவியத்தை அடிமட்டம் வைச்சு வெட்டியிருக்கிறாய்."

"அவர் பதினொண்டு எண்டுதானே சொன்னவர்."

"அவர் மரியாதைக்குச் சொன்னவர். நீ பயத்துக்கு எழுதினனி. ரெண்டு பேருமாச் சேர்ந்து வகுப்பைக் கொண்டுபோய்ப் புதைச்சிட்டு வந்திருக்கிறியள்." ஆவி பறக்கிற குழலைத் தட்டிக் கவிழ்த்தான். "போய்ச் சொல்லு, கோடு போட்டது நான் எண்டு."

"கவுன்சில் ஒஃபிசுக்கோ? என்ர பேர் கேப்பாங்கள். விசா கேப்பாங்கள்."

"குப்பை வாளி எடுக்கிற கவுன்சிலடா அது. மழை பெய்தாலும் இமிகிரேஷன்தான் அனுப்பினது எண்டுவாய் நீ."

வியாழக்கிழமை போனோம். மாஸ்டர் இஸ்திரி போட்ட சேர்ட்டோடு வந்திருந்தார். ஆசிரியருடைய சட்டம் போட்ட படத்தை ஒரு துவாயில் சுற்றி மடியில் வைத்திருந்தார். நான் விசா அட்டை, வங்கி அட்டை, மின்சார பில், மூன்றையும் எடுத்துப் போயிருந்தேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

கண்ணாடி போட்ட ஒரு பெண் எங்களை அறைக்குள் கூப்பிட்டார். படிவத்தைத் திறந்து வைத்து, அவசரமில்லாமல் மாஸ்டரிடம் கேட்டார்.

"எத்தனை வருடம் கற்பிக்கிறீர்கள்?"

"பதினொண்டு" என்றார் மாஸ்டர்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார். மண்டபம் போகப்போகிறது, மனிதர் இன்னும் பதினொன்றிலேயே நிற்கிறார். அந்தப் பெண் பேனாவை மூடினார். மூடுகிற அந்தச் சத்தம் நேர்முகங்களில் கேட்டு எனக்குத் தெரிந்த சத்தம்.

"மேடம், நான் ஹோல் கிளீனர்" என்றேன். "இதை எழுதினது நான். இந்தக் கோடும் நான் போட்டதுதான். அந்தப் பெட்டிக்குள்ள இருபது வருடம் இருக்கு. இவருடைய ஆசிரியர் நடக்க ஏலாமல் கதிரையில இருந்தவர். வகுப்பு முழுக்க இவர்தான் நிண்டு எடுத்தவர்."

"அப்படியென்றால் முதலே ஏன் எழுதவில்லை?"

அதே கேள்வி. ஆனால் அவர் என்னை மடக்கக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் என்று முகத்தில் தெரிந்தது.

"பயத்தில" என்றேன்.

அவர் மாஸ்டர் பக்கம் திரும்பினார். "அந்த இருபது வருடமும் கற்பித்தது யார்?"

"என்ர சிஃபு."

"மாணவருக்குச் செய்து காட்டியது?"

"நான்."

"கை கால் பிழையென்றால் பிடித்துத் திருத்தியது?"

மடியில் இருந்த துவாயைப் பார்த்தார். "நான். ஆனா அவர் தட்டின பிறகு."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. கவுன்சிலிடம் அதற்கு ஒரு பெயரே இருந்தது: மேற்பார்வையில் பயிற்றுவித்தல். அதுவும் கணக்கில் சேரும், எழுத ஒரு தனித்தாள் உண்டு, அதில் மேற்பார்வையாளரின் பெயர்தான் முதல் வரி என்று சொன்னார். மாஸ்டர் துவாயைப் பிரித்துப் படத்தை மேசையில் நிறுத்தினார். பேனாவை என்னிடம் தராமல் தானே வாங்கி, முதல் வரியில் ஆசிரியருடைய பெயரைச் சீன எழுத்தில் எழுதினார், அதற்குக் கீழே ஆங்கிலத்தில். தன் பெயரை அதற்கும் கீழே, சின்னதாக.

கடைசியில் சாட்சி ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் அந்தப் பெண். குடும்பத்தவரோ மாணவரோ கூடாது. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் அதைக் கண்ணால காணேல்லை, மேடம். இவர் சொல்லித்தான் தெரியும்."

"அதையே எழுதுங்கள். எப்போது, எங்கே சொன்னார் என்று."

சனிக்கிழமைகளில், பின்படியில், சாப்பிடும்போது என்று எழுதினேன். என் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம். விசா எண்ணுக்கு அந்தத் தாளில் இடமே இருக்கவில்லை. இரண்டு தடவை திருப்பிப் பார்த்தேன்.

திரும்பும்போது அவருடைய மரக்கறி வாகனத்தில் முன்னால் இருந்தேன். படம் எங்கள் இருவருக்கும் நடுவில். மூன்றாவது சிக்னலில் சரிந்த படத்தை நிமிர்த்தி வைத்தார்.

"என்ர சிஃபு இருந்திருந்தா உனக்கு ஏசியிருப்பார்" என்றார்.

"ஏனாம்?"

"தான் தட்டுறதுக்கு முன்னமே திருத்தினதுக்கு."

"உங்களுக்கு?"

"எனக்கு அடிச்சிருப்பார்."

அடுத்த சிக்னலில், ரோட்டைப் பார்த்தபடியே, "உன்ர வழக்கிலயும் இப்பிடிக் கோடு போட்டிருக்கிறியோ?" என்று கேட்டார். ஒன்பது நாளைப் பற்றி அவருக்குச் சொன்னேன். முழுவதும் இல்லை, நாலு நாள் அளவுக்கு. நான் இறங்க வேண்டிய ரயில் ஸ்டேஷன் வந்துவிட்டது. அவர் எஞ்சினை நிறுத்தினார். மிச்சத்தையும் சொன்னேன்.

அனுமதி ஒரு வருடத்துக்குக் கிடைத்தது. செவ்வாயும் சனியும் வகுப்பு நடக்கிறது. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டுமாம், சாட்சியும் அதே ஆளாக இருந்தால் நல்லதாம். அடுத்த வருடம் கேட்கும்போது ஒரு சொல்லும் மாறக்கூடாது அல்லவா, அதனால் அன்றைக்கு அந்த அறையில் நான் சொன்னது எல்லாவற்றையும், சொன்ன ஒழுங்கிலேயே, ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். "மச்சான், உண்மையைச் சொன்னவனுக்கு எதுக்கடா கொப்பி?" என்று வீட்டில் இருப்பவன் சிரிக்கிறான். சிரிக்கட்டும். நான் கிழமைக்கு ஒரு தடவை எடுத்து வாசித்துப் பார்க்கிறேன்.