தாளிக்காத தட்டு

நவி மும்பை கோபர்கைரனேயில் என் மதினியின் சமையற்கூடத்துக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது, சுவரில் கம்பி கட்டி மாட்டியிருக்கும் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டுதான். ஓரத்தில் நகத்தளவு உடைந்திருக்கும். உடைந்த தட்டை யாராவது சுவரில் மாட்டுவார்களா என்று கேட்காதவர்கள் இல்லை. மதினி சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். கதை சொல்லும் பொறுப்பு எனக்கு வந்துவிடும். அதைச் சொல்வதில் எனக்குப் பெருமையும் உண்டு, கொஞ்சம் வெட்கமும் உண்டு.

அப்போது நாங்கள் தாராவியில் இருந்தோம். ஒரே அறை, ஏணி வைத்த ஒரு மேல்தளம், அம்மா, அண்ணன், மதினி, நான் என்று நான்கு பேர். மதினி, அதாவது என் அண்ணன் மனைவி, திலக் நகரில் மூன்று வீடுகளில் சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தாள். அதில் ஒரு வீட்டு மேடம், அலுவலகங்களுக்கு டப்பாவில் சாலட் அனுப்பும் தொழில் தொடங்கப்போகிறார், சமையலறையைப் பார்த்துக்கொள்ள கேட்டரிங் படித்த ஆளைத் தேடுகிறார் என்று தெரிந்ததும், தனக்கும் ஒரு சான்ஸ் கொடுக்கச் சொல்லி மதினி கேட்டுவிட்டாள். பத்து வருஷமாகச் சப்பாத்திக் கட்டை. இது தவறினால் இன்னும் பத்து வருஷத்துக்கும் அதே கட்டைதான் என்று அவளுக்குத் தெரியும். மேடம் போனில் ஒரு படத்தைக் காட்டினாராம். பிரெஞ்சுக்காரர்களின் சாலட். அதன் பெயரை இன்றுவரை நான் சரியாக உச்சரித்ததில்லை. "சப் அலக் அலக் ரக்னா, மிக்ஸ் நஹி கர்னா" என்று சொல்லியிருக்கிறார். எல்லாவற்றையும் தனித்தனியாக அடுக்க வேண்டும், கலக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து, எப்படிச் செய்கிறாள் என்று பார்ப்பதாகவும் சொல்லிவிட்டார்.

நான் சிரித்தேன். எனக்கு அப்போதுதான் ஆபீஸ் வேலை கிடைத்திருந்தது. இங்கிலீஷ் தெரிந்த திமிர். சோற்றையும் குழம்பையும் பிசையாமல் சாப்பிடத் தெரியாத குடும்பத்திலிருந்து அடுக்கி வைக்கும் சாலடா? "ஆழம் தெரியாம கால விடாதீங்க மதினி" என்றேன். "நீ வாசிச்சு மட்டும் சொல்லுட்டி, மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

போனில் செய்முறையைத் தேடி வாசித்தேன். உருளைக்கிழங்கை அவித்துச் சூட்டோடு வினிகர் தெளிக்க வேண்டும். பீன்ஸை உப்புத் தண்ணீரில் வேகவைத்து உடனே ஐஸ் தண்ணீரில் போட வேண்டும், பச்சை மாறக் கூடாது. முட்டையின் மஞ்சள் கரு இறுகியும் இறுகாமலும் இருக்க வேண்டும். தக்காளி, கறுப்பு ஆலிவ், லெட்டூஸ் இலை, இரண்டு வகை மீன். டூனாவின் படத்தைப் பார்த்ததும், "இது நம்ம சூரைல்லாட்டி" என்றாள். கடற்கரை ஊரில் பிறந்தவள். அடுத்த படத்துக்கு அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "நெத்திலி! இதுக்கா பிரான்சுக்குப் போணும்?" பெரிய கடையில் அந்த மீனை அடைத்து விற்ற குப்பியை நாங்கள் தொடவே இல்லை. ஊரிலிருந்து வந்த நெத்திலிக் கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து, முள் எடுத்து, பூண்டோடு ஆலிவ் எண்ணெயில் போட்டு வைத்தாள். இரண்டு தடவை பீன்ஸ் மஞ்சளாகிப் போயிற்று. மூன்றாவது தடவை பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து கூடுதலாக ஐஸ் வாங்கி வந்தாள்.

அண்ணன் கம்பெனியில் தீபாவளிக்குக் கொடுத்து, மேலே பெட்டியிலேயே கிடந்த பீங்கான் தட்டை ஞாயிறன்று இறக்கினோம். மதினி நடுவில் சூரையை வைத்து, சுற்றிலும் ஒவ்வொன்றாக அடுக்கினாள். "எலையில உப்புக்கு ஒரு எடம், கூட்டுக்கு ஒரு எடம் இருக்குல்லா, அது மாதிரிதான்" என்றாள். அடுக்கி முடித்தபோது படத்தில் பார்த்தது மாதிரியே இருந்தது. மேடத்தை அழைத்துவர அவள் மெயின் ரோட்டுக்குப் போனாள். நான் சேலை மாற்ற மேலே ஏறினேன்.

பூசை முடிந்து கோயிலிலிருந்து அம்மா வந்தது எனக்குத் தெரியாது. கீழே கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டது. நான் ஏணியில் இறங்குவதற்குள், கடுகு, கறிவேப்பிலை, வற்றல் மிளகாயோடு ஒரு கரண்டி எண்ணெய் சாலட் மேல் விழுந்துவிட்டது. "தாளிக்காம வச்சிட்டுப் போயிருக்கா. வாற மனுசி என்ன நெனைப்பா?" என்றாள் அம்மா, மருமகளின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியோடு. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

அதற்குள் வாசலில் மேடம். நான் முந்திக்கொண்டேன். இது எங்கள் ஊர் ஸ்டைல், பிரெஞ்சும் தமிழும் சேர்ந்தது என்று இந்தியில் அளந்துவிட்டேன். மேடமும் வாசனையை இழுத்து, நன்றாகத்தான் இருக்கிறது என்று தலையாட்டினார். அப்படியே தப்பித்திருக்கலாம். மதினி தட்டைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு மேடத்திடம், "ஆப் ஜோ போலா, யே வோ நஹி ஹை. தஸ் மினிட்" என்றாள். நீங்கள் சொன்னது இது இல்லை, பத்து நிமிஷம் கொடுங்கள். அம்மாவிடம் ஒரு கடிந்த சொல் இல்லை. "இது நமக்கு இருக்கட்டும் அத்த, மத்தியானச் சோத்துக்குத் தொட்டுக்கலாம்."

சாலடை ஒரு சட்டியில் வழித்துவிட்டுத் தட்டைக் கழுவினாள். அவசரத்தில் அது குழாயில் இடித்து ஓரம் தெறித்தது. அவள் நிற்கவில்லை. எங்களுக்கென்று எடுத்துவைத்திருந்த மிச்சப் பாதியிலிருந்து மறுபடி அடுக்கினாள். மேடம் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். உருளைக்கிழங்கு, பீன்ஸ், இரண்டாக வகிர்ந்த முட்டை, கடைசியில் நெத்திலி. உடைந்த ஓரத்தில் ஓர் இலை.

மேடம் ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பிட்டார். தட்டில் மிஞ்சிய எண்ணெயைப் பாவ் ரொட்டியால் துடைத்து வாயில் போட்டார். பிறகு, "கல் ஸே சப்பாத்தி பந்த்" என்றார். நாளையிலிருந்து சப்பாத்தி வேண்டாம். இருந்த வேலையும் போயிற்றே என்று எனக்கு உயிரே போய்விட்டது. "கிச்சன் தும் சம்பாலோ", சமையலறையை நீ பார்த்துக்கொள் என்று அவர் சிரித்ததும்தான் மூச்சு வந்தது. மதினி அழவில்லை, நான்தான் அழுதேன். அவளால் முடியாது என்று நினைத்ததால்தானே அவளுக்காகப் பொய் சொல்லப் போனேன். அது இன்றும் உறுத்துகிறது.

இன்று மேடத்தின் அந்தக் கோபர்கைரனே சமையற்கூடம் முழுவதும் அவள் பொறுப்பு. வேலை கேட்டு வரும் பெண்களுக்குச் சுவரிலிருந்து அந்தத் தட்டை இறக்கிக் கொடுப்பாள். அதில்தான் அடுக்கிக் காட்ட வேண்டும். போன வாரம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். சப்பாத்தி போட்டு வாழ்ந்த ஒரு பெண் அன்று வந்திருந்தாள். அம்மா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நான் ஒண்ணும் தொடல" என்று ஓரமாக நின்றாள். அந்தப் பெண் தட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஓரம் உடைந்திருக்கிறதே என்று தயங்கினாள்.

"ஒடஞ்சா என்னட்டி, அங்க ஒரு எலைய வை" என்றாள் மதினி.