நாலாவது விதி

எங்கள் துறையில் அவரை எல்லோரும் மீன்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆராய்ச்சி மாணவர், வயது முப்பத்துமூன்று. மூன்றாவது மாடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறையில், இருநூறு கண்ணாடித் தொட்டிகளில், விரல் நீளம்கூட இல்லாத கோடு போட்ட மீன்களை வைத்து ஏழு வருஷமாக மாரடிக்கிறார். மீனுக்கு ஒரு நாளைக்கு மூன்று வேளை தீனி போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்று அதுகளிடம் சொன்னால் கேட்குமா?

நான் துறை அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். இந்தப் பிள்ளைகள் தலைநிறைய முடியோடு வந்து சேருவதையும், வழுக்கையோடு பட்டம் வாங்கிக்கொண்டு போவதையும் பார்த்தவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், ஆனால் கோப்பில் ஒரு கமா பிசகாது. அந்தப் பெருமையால்தான் இப்போது மனசு ஆறாமல் கிடக்கிறேன்.

போன வருஷம் துறைத் தலைவருக்குத் திடீரென்று ஞானோதயம் வந்தது. ஆராய்ச்சி மாணவர்களின் வாழ்க்கைத் தரத்தை உயர்த்த வேண்டுமாம். நலக் குழு ஒன்று போட்டார். முதலில் ஒரு பெரிய சோபா வந்தது. கதவு வழியாக உள்ளே போகாததால் நடைபாதையிலேயே நின்றுவிட்டது. இன்றைக்கும் எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டுதான் போகிறோம். அடுத்து, புதன்கிழமை மூன்று மணிக்கு மூச்சுப் பயிற்சி வகுப்பு. மூச்சு விட நேரமில்லாதவர்களுக்கு மூச்சுப் பயிற்சி. முதல் வாரம் நாலு பேர் வந்தார்கள், அடுத்த வாரம் சொல்லிக்கொடுக்கிறவர் மட்டும் வந்தார்.

மீன்காரரும் அந்தக் குழுவில் இருந்தார். அவர் சோபாவும் கேட்கவில்லை, மூச்சும் கேட்கவில்லை. வருஷத்துக்குப் பதினாலு நாள் விடுப்பு, கைடு பேராசிரியர் முகத்தைப் பார்த்துக் கெஞ்சாமல், உரிமையாக வேண்டும் என்றார். எட்டு மாதம் விடாப்பிடியாக அதையே கேட்டார். கடைசியில் துறைத் தலைவர் சலித்துப்போய், விதிகளை நீங்களே எழுதிக் கொண்டுவாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்றுவிட்டார்.

அவர் எழுதினார், நான் தட்டச்சு செய்தேன். மூன்றாவது விதி: விடுப்பில் போகிறவர் தன் வேலையைப் பார்த்துக்கொள்ள ஒரு மாற்று ஆளிடம் கையெழுத்து வாங்க வேண்டும். நாலாவது விதி: மாற்று ஆளாகக் கையெழுத்துப் போட்டவர், போனவர் திரும்பி வரும்வரை விடுப்பு எடுக்கக் கூடாது.

நாலாவது எதற்கு என்று கேட்டேன். அவர் இரண்டாம் வருஷத்தில் இருந்தபோது நடந்ததைச் சொன்னார். சீனியர் ஒருவர் கல்யாணத்துக்குப் போனார். மீனைப் பார்த்துக்கொள்கிறேன் என்றவன் நைசாக அவனும் ஊருக்குப் போய்விட்டான். செத்து மிதந்த மீன்களை வலை போட்டு அள்ளியது இவர்தான். சீனியர் கல்யாணக் கோலத்தோடு வந்து தொட்டிக்கு முன்னால் நின்றாராம், அப்புறம் படிப்பை விட்டுவிட்டாராம். நாலாவது விதியையும் தட்டச்சு செய்தேன்.

விதி வந்ததும் பிள்ளைகள் கூண்டில் இருந்து திறந்து விட்ட மாதிரி பறந்தார்கள். யாருடைய படிவத்தை எடுத்தாலும் மாற்று ஆள் என்ற இடத்தில் மீன்காரர் கையெழுத்து. மற்றவர்கள் போக வேண்டுமே என்று குடுவையில் உயிர்ச்செல் வளர்க்கிறவளிடம் அவள் வேலையைக் கற்றுக்கொண்டார், செடி வளர்க்கிறவனிடம் தண்ணீர் கணக்கைக் கற்றுக்கொண்டார். மீனைக் கற்றுக்கொள்ளத்தான் ஒருத்தரும் வரவில்லை. கேட்டால், மீன்னா எனக்குப் பயம்ணா என்று நழுவிவிடுவார்கள்.

அவருக்கு அம்மா மட்டும்தான். ஒரு பகல் முழுக்க ரயிலில் போக வேண்டிய ஊரில், இவருடைய தங்கை வீட்டில் இருக்கிறார்கள். கொஞ்ச நாளாகவே அம்மாவுக்கு மறதி. முதலில் அடுப்பை மறந்தார்கள், பிறகு தெருவை, பிறகு மருமகனை. ஒருநாள் தங்கை போனில் சொன்னதை அவரே வந்து என்னிடம் சொன்னார்: "அம்மாவுக்கு இப்ப உன்னை மட்டும்தான் நல்லா ஞாபகம் இருக்கு. அதுவும் எத்தனை நாளைக்குன்னு தெரியல. சீக்கிரம் வந்துட்டுப் போ."

கையில் அவருடைய விடுப்புப் படிவம் இருந்தது, ஐந்து நாளுக்கு. மாற்று ஆள் இடம் காலி. அன்றைக்கு அவர் மூன்று பேருக்கு மாற்று ஆள். ஒருத்தர் திரும்பும் நாளில் இன்னொருத்தர் கிளம்புகிற மாதிரி தேதிகள் சங்கிலியாய்க் கோத்துக் கிடந்தன. நான் கோப்பைப் பிரித்துக் காட்டினேன்.

"நீங்க எழுதின விதிதானே. நீங்களே மீறினா நல்லாவா இருக்கும்?" என்றேன்.

"சரிதான்க்கா," என்று படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மாடிக்குப் போனார்.

அந்தப் படிவத்தை நான் வாங்கி உள்ளே தள்ளியிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? துறைத் தலைவர் நான் நீட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறவர், படிக்கிறவர் இல்லை. மீனுக்குத் தீனி போடுவது என்ன மலையைப் புரட்டுகிற காரியமா, நானே போட்டிருக்கலாம். பாவி, எனக்கு அது தோன்றவே இல்லை.

இருபத்துநாலு நாள் காத்திருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று பேர் வேலையையும் தன் வேலையையும் செய்தார். ஊருக்குப் போனவர்களை அவசரப்படுத்தி ஒரு போன்கூடச் செய்யவில்லை. மூன்றாவது ஆளும் திரும்பிய பிறகு, செல் வளர்க்கிறவள் விஷயம் கேள்விப்பட்டு அழுதுகொண்டே வந்து மாற்று ஆளாகக் கையெழுத்துப் போட்டாள். தீனி போடக் கற்றுக்கொள்ள அவளுக்கு அரை மணி நேரம் ஆனது.

ஐந்து நாள் என்று போனவர் நாலாவது நாளே என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். திரும்பிய தேதி எழுதும் பதிவேட்டைக் கேட்டார். இவ்வளவு சீக்கிரமா, அம்மா எப்படி இருக்கிறார்கள் என்றேன். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நடந்ததை ஆய்வு அறிக்கை மாதிரி வரிசையாகச் சொன்னார்.

அம்மா கதவைத் திறந்து, யார் வேண்டும் என்று கேட்டார்களாம். தங்கை எவ்வளவோ சொல்லிப் பார்த்தாளாம், ஏறவில்லையாம். ஆராய்ச்சி படிக்கிறவர் என்று மட்டும் பிடித்துக்கொண்டு, மகனுடைய சிநேகிதர் போல என்று உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்தார்களாம். ஒன்றரை நாள் அந்த வீட்டில் தன்னுடைய சிநேகிதனாகவே இருந்துவிட்டு வந்திருக்கிறார். என் மேலேயே எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

தேதியை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். மாலைத் தீனிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். வாசல்வரை போனவர் நின்றார்.

"கிளம்பும்போது அம்மா எங்கிட்ட ஒரு சேதி சொல்லி அனுப்பிச்சாங்கக்கா. எம் பையனைப் பாத்தா சொல்லுங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, மீனை விட்டுட்டு அவனால வர முடியாது, லீவு கிடைச்சதும் வந்தாப் போதும்னாங்க."