திருத்த வேலைக்கு அனுப்பிய பதினொரு கெளிறுகள்

‘தனியாருக்குச் சொந்தமான பொருளொன்றை அலுவலகத்தில் வைத்திருக்க நேர்ந்தால் அதைப் பொருட்பதிவேட்டில் பதியக் கூடாது. தனியார் உடைமை என்று எழுதிய அட்டையொன்றை அதில் கட்டி, உரிமையாளரின் பெயரையும் கொண்டுவந்த திகதியையும் குறித்துவைத்தால் போதும்.’

இந்த விதி எனக்கு மனப்பாடம். புதிதாக வரும் எழுதுநர்களுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிடுவேன். எங்கள் கந்தோரில் மேசை விசிறி, தேநீர்க் கெண்டி, ஒருவர் தன் மேசையில் வைத்திருந்த அந்தோனியார் சொரூபம் என்று எல்லாவற்றிலும் அட்டை தொங்கியது. முப்பத்தொரு வருடச் சேவையில் இந்த விதியை நான் மீறியது ஒரே ஒரு தடவை. பொருள்: கெளிறு மீன், சிறியது, பதினொன்று. மீனில் அட்டை கட்ட முடியாது என்று சாக்குச் சொல்லலாம். தொட்டியில் கட்டியிருக்கலாம். நான் கட்டவில்லை. அதைவிடக் கெட்டித்தனமான யோசனையொன்று என்னிடம் இருந்தது.

கெளிறு

மன்னார் நகரில் இருந்த எங்கள் கந்தோர், சுயதொழில் தொடங்குகிறவர்களுக்கு உபகரணங்கள் கொடுக்கும். நான் நிர்வாக உத்தியோகத்தர். கோழிக்கூடு, தையல் இயந்திரம், மா அரைக்கும் இயந்திரம் ஆகியவற்றுக்கு எங்களிடம் அச்சடித்த படிவம் இருந்தது. அலங்கார மீனுக்கு இருக்கவில்லை. தலைமன்னாரிலிருந்து ஜெயரூபன் விண்ணப்பித்தபோது கோழிக்கூட்டுப் படிவத்தில் ‘கோழி’ என்ற சொல்லை வெட்டி ‘மீன்’ என்று நான்தான் எழுதினேன். அவருக்கு நான்கு கண்ணாடித் தொட்டிகளும் ஒரு காற்று மோட்டாரும் கிடைத்தன. மீன்கள் அவர் தன் கைக்காசில் வாங்கியவை.

ஜெயரூபன் தமிழ்நாட்டில் ஓர் அகதி முகாமில் பிறந்து, முப்பது வயதில் ஊர் திரும்பியவர். அங்கே அலங்கார மீன் பண்ணையொன்றில் வேலை செய்திருக்கிறார். அவருடைய தமிழைக் கேட்டுக் கந்தோர் முழுக்கச் சிரிக்கும். அவர் அதைக் கவனிக்காத மாதிரி இருப்பார்.

ஓர் ஒக்ரோபர் மாதக் காலையில் மூடி போட்ட வாளியொன்றுடன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கந்தோர் உதவியாளர் மரியதாஸ் அண்ணைதான் முதலில் மூடியைத் திறந்தார். அவர் பேசாலைக்காரர். மூன்று தலைமுறையாகக் கடலுக்குப் போன குடும்பம்.

“என்ன தம்பி இது, கெளிறே? இதை வச்சு ஒரு சொதிக்கும் காணாதே!”

“இது குழம்புக்கு இல்லண்ணா. கோரின்னு சொல்லுவாங்க. தொட்டியில வளக்கிறது.”

“வளத்து?”

“வித்துருவேன்.”

“ஆர் வாங்குவினம்? எங்கட சனம் கெளிறைக் கண்டா முதல்ல முள்ளைத்தான் ஒடிக்கும்.”

வாளிக்குள் என் பெருவிரலின் ஒரு கணுவளவு மீன்கள். பழுப்பு நிறம், பக்கவாட்டில் பச்சை மினுக்கம், வாயோரம் இரண்டிரண்டு மீசை. ஒன்று என்னைப் பார்த்துக் கண் சிமிட்டியது. மீனுக்கு இமை இல்லை என்று படித்தவள் நான். இது இமை இல்லாமலே கண்ணைக் கீழே உருட்டிச் சிமிட்டும் மீன் என்று ஜெயரூபன் விளக்கினார்.

“பதினாலு இருந்துச்சு மேடம். மூணு போயிருச்சு. எங்க கிணத்துத் தண்ணி உப்பேறிப் போச்சு. இதுங்களுக்கு உப்பு ஆகவே ஆகாது. பவுசர் லாரில வர்ற தண்ணியில மருந்து வாசம். வீட்டுக் கூரை ஓலை, அதில மழை விழுந்தா சாயத்தண்ணிதான் வருது. உங்க ஆபீஸ் மழைத்தொட்டியிலேருந்து வாரத்துக்கு ரெண்டு கேன் குடுத்தீங்கன்னா இதுங்க பொழைச்சிரும்.”

“தம்பி, இது இந்தியா இல்லை. இஞ்ச மழைத்தண்ணிக்கும் கடிதம் வேணும்,” என்றார் மரியதாஸ் அண்ணை.

அவர் பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் அது உண்மை. அரச கூரையில் விழுந்து அரச தொட்டியில் சேரும் நீர் அரச பாவனைக்கு மட்டுமே என்று ஒரு சுற்றறிக்கை இருந்தது. வானத்திலிருந்து கூரைக்கு வரும் வரை அது யாருடைய மழை என்பதை அந்தச் சுற்றறிக்கை சொல்லவில்லை. கூரையில் பட்ட பிறகு சந்தேகமே இல்லை.

வேறொன்றும் இருந்தது. பெப்ரவரி நடுவில் தலைமைக் காரியாலயத்திலிருந்து முன்னேற்றப் பரிசோதனைக்கு ஆட்கள் வருவார்கள். அப்போது பயனாளியின் வீட்டில் தாய் மீன்கள் உயிருடன் இல்லையென்றால் தொட்டிகளும் மோட்டாரும் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். ஜெயரூபனுக்கு அது தெரியும். வாளியை அவர் தரையில் வைக்கவே இல்லை.

பதிவேடு

நான் யோசித்தேன். நீர் மீனிடம் போக முடியாது. மீன் நீரிடம் வரலாம். கந்தோர் வரவேற்பு அறையில் ‘பயிற்சிக் காட்சித் தொட்டி’ ஒன்றை அமைத்து, மீன்களைக் கந்தோர்ப் பொருளாகப் பதிந்துவிட்டால் மழைநீரும் மின்சாரமும் அரச பாவனையாகிவிடும். ஒரு பக்கக் குறிப்பை எழுதிப் பணிப்பாளரிடம் கொண்டுபோனேன். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான்.

“நீங்கள் சொன்னாச் சரி மிஸ். எங்க சைன் வைக்கிறது?”

அன்றைக்கே பதிவேட்டில் எழுதினேன். காட்சி உபகரணம், கெளிறு மீன், சிறியது, பதினொன்று. யுத்த காலத்தில் கந்தோர் இரண்டு தடவை இடம்பெயர்ந்தபோது கதிரை மேசைகளை விட்டுவிட்டு அந்தப் பதிவேடுகளைத்தான் சாக்கில் கட்டிச் சுமந்தேன். அதில் எழுதப்பட்டது தொலையாது என்று உறுதியாக நம்பினவள். அந்த நம்பிக்கைதான் கண்ணை மறைத்தது.

அதற்குப் பிந்திய மூன்று மாதங்களையும் இப்போதும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அப்படியொரு கந்தோரில் நான் அதற்கு முன்பும் வேலை செய்யவில்லை, பின்பும் இல்லை.

ஜெயரூபன் அருவியாற்று மணலை அரித்துக் கழுவிக் கொண்டுவந்து பரப்பினார். மன்னாரில் மணலுக்கா பஞ்சம் என்று கேட்டேன். கடல்மணலில் சிப்பித்தூள் இருக்கிறது, நீரைக் கடினமாக்கும், மீசையையும் தேய்த்துவிடும் என்றார். மீசை தேய்ந்த கெளிறு இரை தேட முடியாமல் மெலிந்துபோகுமாம். மூன்று பங்கு மழைநீருக்கு ஒரு பங்கு வேறு நீர். அதையும் ஒரேயடியாக ஊற்றாமல், சேலைன் ஏற்றுகிற மாதிரி சிறு குழாயால் துளித்துளியாக விடவேண்டும். நோய் அண்டாமலிருக்கக் கந்தோர் முற்றத்து வாதுமை மரத்தின் காய்ந்த இலைகள் இரண்டு. இவ்வளவும் எங்களுக்குப் பாடமாயிற்று.

முதல் வாரமே மரியதாஸ் அண்ணை என் அறைக்குள் ஓடிவந்தார்.

“மிஸ், ஒண்டு மேல வந்து வாயைத் திறந்திட்டுப் போகுது! சாகப்போகுது போல. ஒரு கரண்டி உப்புப் போடட்டோ?”

கையில் உப்புப் போத்தலுடனேயே நின்றார். வருத்தம் வந்த எதற்கும் உப்பு என்பது கடற்கரை வைத்தியம். ஜெயரூபனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“ஐயோ மேடம், அந்த பாட்டில வாங்கி உள்ள வச்சுப் பூட்டுங்க! அதுங்க மேல வந்து காத்துக் குடிக்கும். அதான் அதுங்க வழக்கம்.”

உப்புப் போத்தலை இரும்பு அலுமாரியில், முத்திரைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன். மரியதாஸ் அண்ணை அந்த வருடம் முடியும் வரை மதியச் சாப்பாட்டுக்கு உப்பு வேண்டுமென்றால் என்னிடம் வந்து கேட்டார்.

கடிதத்துக்காகக் காத்திருக்கும் சனம் தொட்டியைச் சுற்றி நிற்கும். வரிசையில் சண்டை குறைந்தது. பின்னேரம் நாலேகாலுக்குக் கையொப்பமிட்டபின் நான் கால்மணி நேரம் அங்கே கதிரையைப் போட்டிருந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். எங்கே போனாலும் பதினொன்றும் கூட்டமாகத்தான் போகும். ஒன்று பின்தங்கினால் மற்றவை நின்று பார்க்கும். பதவி உயர்வுப் பட்டியல் வந்த காலத்து எங்கள் கந்தோரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

நவம்பரில் மாரி அடித்துப் பெய்தது. ஜெயரூபன் முதல் பஸ்ஸில் வந்து, அப்போதுதான் கூரைப் பீலியால் விழுந்த குளிர்ந்த மழைநீரைத் தொட்டிக்குள் விட்டார். மழைக்காலம் ஆற்றுக்கு வந்துவிட்டது என்று மீன்கள் நம்ப வேண்டுமாம். நம்பின. அடுத்த நாள் காலையில் முன்பக்கக் கண்ணாடியில் சவ்வரிசி ஒட்டியது போல் முட்டைகள். பணிப்பாளர்கூடச் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் குந்தியிருந்து பார்த்தார்.

இரண்டு தடவை முட்டையிட்டன. பொரித்ததில் பத்தொன்பது தப்பின. குஞ்சுகள் பதிவேட்டில் இல்லை. ஆகவே வீட்டில் நல்ல நீர் கிடைத்ததும் ஜாம் போத்தலில் அவற்றை அவர் கொண்டுபோகலாம் என்றேன். பண்ணை மாடு கன்று போட்டால் பதியவேண்டும் என்ற விதி எனக்குத் தெரியும். கெளிறு மாடல்ல என்று முடிவு செய்தேன்.

ஜனவரியில் ஜெயரூபன் புதுத் தகரக் கூரையும் பீலியும் போட்டு, பெரிய தொட்டியொன்றில் மழைநீரும் பிடித்துவிட்டார். குஞ்சுகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, பெரியவற்றுக்காக வாளியுடன் வந்தார். முகத்தில் அவ்வளவு சந்தோசத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை.

“ரெடி மேடம். எடுத்துட்டுப் போயிடறேன்.”

நான் பதிவேட்டைத் திறந்தேன். அப்போதுதான் எனக்கே விளங்கியது. பதிந்த பொருளைத் தனியாருக்குக் கொடுக்கத் தலைமைக் காரியாலய அனுமதி வேண்டும். ஒரு கோடு கிழித்து வெட்டிவிடலாமென்றால், வருட இறுதி அறிக்கையுடன் அந்தப் பக்கத்தின் பிரதி டிசம்பரிலேயே கொழும்புக்குப் போய்விட்டது. போட்டதும் நான்தான், அனுப்பியதும் நான்தான்.

“ஒரு கடிதம் எழுதுறன் தம்பி. பரிசோதனைக்கு இன்னும் ஐந்து கிழமை இருக்கு. அதுக்குள்ள பதில் வந்திடும்.”

அவர் வாளியின் மூடியை மூடினார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

“முகாம்ல எங்க பேரெல்லாம் ரெஜிஸ்டர்ல இருந்துச்சு மேடம். செக்கிங் அன்னிக்கு எல்லாரும் வரிசையில நிக்கணும். வெளியூருக்கு வேலைக்குப் போகணும்னா எழுதிக் குடுத்துட்டு நிக்கணும். பதில் வர்றதுக்குள்ள அந்த வேலை வேற ஒருத்தனுக்குப் போயிரும். இப்ப என் மீனையும் எழுதிட்டீங்க.”

வெறும் வாளியோடு போனார். மரியதாஸ் அண்ணை அன்றைக்குப் பகிடி விடவில்லை.

திருத்த வேலை

கடிதம் அனுப்பினேன். இரண்டு நினைவூட்டல்கள் அனுப்பினேன். தொலைபேசியில் ஒரு பெண் பிள்ளை மிகப் பணிவாகப் பேசினார்.

“மிஸ், மீன் எண்டு ஒரு வகுதி எங்களிட்ட இல்லை. இது தளபாடமோ, இயந்திரமோ?”

“உயிருள்ளது, பிள்ளை.”

“அப்ப அது எங்கட கிளைக்கு வராது மிஸ். எந்தக் கிளைக்கு வரும் எண்டு கேட்டுக் கடிதம் ஒண்டு போடுங்கோ.”

போட்டேன். ஐந்து வாரத்தில் நாலு போய்விட்டது. மழை நின்றபின் முட்டையிடுவதும் நின்றுபோனது. தலைமன்னாரில் நான்கு தொட்டிகளில் பத்தொன்பது குஞ்சுகள் மட்டும். பரிசோதனைப் படிவத்தில் குஞ்சுக்குக் கட்டம் இல்லை. ‘தாய் மீன்கள்: உண்டு, இல்லை’ என்பதுதான் இருந்தது.

பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பு நான் வெளியேற்று அனுமதிச் சீட்டுப் புத்தகத்தை எடுத்தேன். பழுதான உபகரணத்தைத் திருத்த வேலைக்காக வெளியே அனுப்பப் பணிப்பாளரின் கையொப்பம் போதும், கொழும்பு தேவையில்லை. எழுதினேன். பொருள்: கெளிறு மீன், சிறியது, பதினொன்று. பழுது: இனப்பெருக்கம் நின்றுவிட்டது. திருத்துபவர்: ஜெயரூபன், தலைமன்னார்.

பணிப்பாளர் அதை மூன்று தடவை வாசித்தார்.

“இது சரிவருமோ மிஸ்?”

“பழுது எண்டு எழுதினது உண்மை சேர். உபகரணம் உயிரற்றதாய் இருக்கோணும் எண்டு விதியில எங்கேயும் இல்லை.”

“திரும்பி வராட்டி?”

“பொறுப்பு என்ர பேரில எண்டு கீழ எழுதியிருக்கிறன்.”

எனக்கு ஓய்வுக்கு ஐந்து மாதம் இருந்தது. வெளியே போன பொருள் திரும்பாமல் கையளிப்பு முடியாது, கையளிப்பு முடியாமல் ஓய்வூதியக் கோவை நகராது. இதை என்னைவிட நன்றாக அறிந்தவர் அந்தக் கட்டிடத்தில் இல்லை. பணிப்பாளர் கையொப்பமிட்டார்.

மரியதாஸ் அண்ணை வாளியை மடியில் வைத்துக்கொண்டு தலைமன்னார் பஸ்ஸில் போனார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் சாரதியை ஏசியதாக நடத்துநர் பிறகு சொன்னார்.

பரிசோதனைக்கு வந்தவர்கள் ‘உண்டு’ என்பதில் சரி போட்டார்கள். தொட்டிகள் ஜெயரூபனிடமே நின்றன.

பதில்

நான் மாதாமாதம் அனுமதிச் சீட்டைப் புதுப்பித்தேன். ‘திருத்தம் நடைபெறுகிறது.’ ஜூலையில் ஓய்வு பெற்றேன். எனக்குப் பின் வந்தவர் நல்ல பிள்ளை, நான் பழக்கிய பிள்ளை. ஆகவே பதினொரு மீனைக் கண்ணால் காணாமல் பொறுப்பேற்க மாட்டேன் என்று எழுதிவிட்டார். நானாக இருந்தாலும் அதையே எழுதியிருப்பேன். என் கோவை அந்த வரியில் நின்றது.

இளைய உத்தியோகத்தர்களுக்கு இதில் சொல்லக்கூடியது ஒன்றுதான். ஒன்றைப் பதிவேட்டில் ஏற்றுமுன், அதை இறக்குவது எப்படி என்று வாசித்துவிட்டு ஏற்றுங்கள். அது பிறருடையது என்றால், வாசித்தபின்னும் ஏற்றாதீர்கள். நான் உதவி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் அதைச் செய்தேன். வெறும் வாளியோடு ஒருவர் படலை வரை நடந்து போனதை ஜன்னலால் பார்த்தபடி நின்ற அந்தக் கொஞ்ச நேரம், முப்பத்தொரு வருடச் சேவையில் எனக்குக் கிடைத்த ஒரே தண்டனை.

மூன்றாம் வருடத்தில் கொழும்பிலிருந்து பதில் வந்ததும் கந்தோர்ப் பிள்ளை ஒருவர் அதை என் வீட்டுக்கே கொண்டுவந்தார். ‘மேற்படி பதினொரு அலகுகளையும் உரிமையாளரிடம் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதாக அவரின் கையொப்பத்தைப் பெறவும்.’ பின்னேர பஸ்ஸில் தலைமன்னாருக்குப் போனேன். ஜெயரூபன் புதுத் தொட்டியொன்றுக்குப் பசை பூசிக்கொண்டிருந்தார். பழையவற்றில் ஏழுதான் மிஞ்சியிருந்தன. நாலு, வயது போய்ச் செத்துவிட்டன. மற்றத் தொட்டிகளில் அவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், எண்ண முடியாமல்.

“ஏழு எண்டே எழுதும் தம்பி,” என்றேன். “உள்ளதை எழுதினாத்தான் சரி. மிச்சத்துக்கு நான் விளக்கம் குடுக்கிறன்.”

அவர் கடிதத்தை வாசித்தார். கையைத் துடைத்துக்கொண்டு பேனையை வாங்கினார்.

“விளக்கம் குடுத்தா அதுக்கும் பதில் வரோணுமே, மிஸ். இருங்கோ, தேத்தண்ணி போடச் சொல்லுறன்.”

பதினொன்றும் கிடைத்தன என்று எழுதிக் கையொப்பமிட்டார். திகதி என்ன என்று கேட்டார். சொன்னேன்: மார்ச் ஒன்பது.