கருங்கோட்டையை எரிப்பதற்கு முன்

1. ஒப்புக்கொண்ட வேலை

சென்னையிலிருந்து மேலாளர் போன் செய்தார். "சார், ஏழுமுகடு திரும்ப வருது. மொத அத்தியாயத்துலயே கருங்கோட்டை எரியணும். நீங்கதான் எழுதணும்."

ஏழுமுகடு நாங்கள் முன்பு வெளியிட்ட விளையாட்டின் கற்பனை நாடு; கருங்கோட்டை அதில் மலைமேல் இருக்கும் பழைய ஊர். ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். ஆபத்தான கட்டத்தில் பகடை முடிவு சொல்லும். விளையாட்டின் கதைப் புத்தகம் அச்சில் நின்றுபோய் வெகுகாலம். பழைய ஊர்களை அழித்துவிட்டால் அவற்றின் கதை தெரியாத புதியவர்களும் சுலபமாக நுழையலாம் என்றார் மேலாளர். எனக்கும் சரியென்றே பட்டது.

அச்சுக்கு முன் ஆட்டக்காரர்களோடு ஆடிப் பார்ப்பது எங்கள் வழக்கம். சிலமலையில் ஒரு குழு இன்னும் ஏழுமுகடு ஆடுவதாகக் கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போடியில் பஸ் ஏறினேன்.

2. வாசல் காவல்

பள்ளி ஆசிரியை செல்வி வீட்டில்தான் ஆட்டம். அவர் தம்பி முருகனும், முருகனின் கூட்டாளி பாண்டியும் உடன் ஆடுபவர்கள். தீநாகம் வந்து கோட்டையை எரிக்கும் என்று சொன்னேன். செல்வியின் முகம் மாறிவிட்டது.

"அண்ணே, அப்ப வாசல்ல நிக்கிறவரு?"

"புத்தகத்துல வாசல்ல யாரும் இல்லையேம்மா."

"எங்க வீட்டுக்காரரு நிக்கிறாரு."

முருகன்தான் விளக்கினார். செல்வியின் கணவர் ராசாங்கம் நோயில் இறந்துவிட்டார். ஆட்டத்தில் அவர் கோட்டை வாயில் காவலர். ஆடுபவர் இறந்தால் அவருடைய பாத்திரத்தை இவர்கள் கொல்வதில்லை. அவருக்காக யாரும் பகடை உருட்டுவதுமில்லை. அவர் தன் இடத்தில் அப்படியே இருப்பார். "போயிட்டு வர்றோம் மச்சான்னு சொல்லிட்டுத்தான் வாசலத் தாண்டுவோம்" என்றார் முருகன்.

"உங்க ஆட்டத்துல மட்டும் எரிக்காம விட்ருங்களேன்" என்றேன்.

"அது எப்டிண்ணே? புதுப் பிள்ளைகளுக்கு அது சாம்பலு. நாங்க மட்டும் வாசல் இருக்குன்னு சொல்லிக்கிட்டுத் திரியவா?" என்றார் செல்வி. 

3. இறக்கம்

பிறகு செல்வியே சொன்னார்: "எரியட்டும். ஆனா சனத்த எறக்கிட்டு எரிங்க."

அன்று முழுக்க ஊரைக் காலி செய்தோம். பாண்டி நடக்க முடியாதவர்களை வண்டியில் ஏற்றினார். முருகன் பாலத்தைக் காத்தார். இடையில் பாண்டி ராசாங்கத்தைப் பற்றிச் சொன்னார். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆளேற்றி ஜீப்பு ஓட்டியவராம். "கடைசி ஆளு ஏறாம வண்டிய எடுக்க மாட்டாரு. மழையில உக்காந்து வெரசாப் போய்யான்னு எல்லாரும் வைவாக. அசைய மாட்டாரு."

ஊர் இறங்கிவிட்டது. காவலர் மட்டும் மிச்சம். தீ வாசலைத் தொட்டுவிட்டது. விதிப்படி நாலுக்கு மேல் விழுந்தால்தான் பிழைப்பார். கதை நடத்துபவன் நான். தப்பித்துவிட்டார் என்று சொல்லிவிட வாயெடுத்தேன்.

"வேணாம்ண்ணே. நீங்க இரக்கப்பட்டு அவரு வரவேணாம்."

செல்வி பகடையை எடுத்தார். தம்பி தடுக்கவில்லை. "ஏங்க, எல்லாரும் ஏறியாச்சு. கெளம்புங்க" என்று சொல்லி உருட்டினார்.

இரண்டு விழுந்தது.

  எத்தனையோ ஊர்களைக் காகிதத்தில் அழித்தவன் நான். ஒன்றிலும் யார் குடியிருந்தார்கள் என்று கேட்டதில்லை. செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "எல்லாரும் எறங்குறத நின்னு பாத்துட்டுத்தான் போயிருக்காரு" என்றார்.

அதை அப்படியே அத்தியாயத்தில் எழுதினேன். "யார் சார் இந்தக் காவலர்?" என்று கேட்ட மேலாளர், விவரம் தெரிந்தபின் ஒரு வரியையும் வெட்டவில்லை. இத்தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: பழைய உலகத்தில் கைவைக்கும் முன் அங்கே ஆள் இருக்கிறார்களா என்று போய்க் கேளுங்கள்.

புத்தகம் வந்ததும் சிலமலைக்குக் கொண்டுபோனேன். செல்வி புதுப் பாத்திரம் கேட்டார்.

"சாம்பல் மேட்டுல வீடு கட்ட வர்ற ஒருத்தி. எழுதிக்கங்கண்ணே."

"பேரு?"

"இருக்கட்டும். மொதல்ல ஒரு சுவரு எழும்பட்டும்."