காஜா பெராங் கால்வாயில் என் பங்கு

அன்று காலை ஸ்டோர் முன்னால் நின்றவர்கள் இவர்கள். எங்களை வேலை வாங்கும் மண்டோர். டவுன் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி. முட்டி வீங்கி ஒரு காலை இழுத்து நடக்கும் என் கூட்டாளி. ரப்பர் தோட்டத்தை விட்டு வந்த அண்ணன் தம்பி இருவர். மூன்று மாதம் முன்பு சேர்ந்த புது ஆட்கள் மூவர். பழைய ஆட்கள் ஐவர். கடைசியில் நான். மண்டோரையும் கிராணியையும் விட்டால் பன்னிரண்டு பேர். காஜா பெராங் பக்கத்துக் கால்வாய் முழுக்க எங்கள் கையில்தான் இருந்தது.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிற வருஷம் அது. ஆபீஸில் மேலே இன்னும் வெள்ளைக்காரத் துரைதான். கிராணி தமிழர்தான். ஆனாலும் எங்கள் முகத்தைப் பார்க்காமல் தாளைப் பார்த்துப் பேசினார்.

“திடலைச் சுத்தி புது லைட்டு போடணும். பெரிய ரோட்டுக்கு தார் போடணும். ஆபீஸ்ல காசு பத்தலை. கால்வாய்க்கு இத்தனை ஆளு வேணுமான்னு துரை கேக்குறாரு. வெள்ளிக்கிழமை நேர்ல பாக்க வராரு.”

“லைட்டு போட்டா கால்வாய் தானா ஓடுமா, ஐயா?” என்றான் கூட்டாளி.

“அதை துரைகிட்ட கேளு.”

“கேட்டா மொதல்ல என்னையதான் அனுப்புவாரு.”

சிரித்தோம். மண்டோர் சிரிக்கவில்லை.

எங்களுக்கு ஆபீஸ் கொடுத்த லயத்தில் ஆளுக்கு ஓர் அறை. வேலை போனால் அறையும் போகும். என் மனைவிக்கு அப்போது ஏழு மாதம். அன்று தட்டில் பாதிச் சோற்றோடு எழுந்தேன். என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

ஆளுக்கு இருநூறு காலடி கால்வாய். மண்டோர் நடந்து அளந்து, இந்த மரத்திலிருந்து அந்த வாசல் வரை என்று காட்டிவிடுவார். சேற்றை அள்ளிக் கரையில் போட வேண்டும். தள்ளுவண்டி பின்னால் வரும். தன் பங்கை முடித்தவன் அடுத்தவன் பங்கில் இறங்குவான். அது எங்கள் பழக்கம். கூட்டாளிக்கு முட்டி வீங்கியதிலிருந்து அவன் பங்கில் பாதியை நான் அள்ளி வந்தேன். பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் ஒன்றாகக் கரையேறுவோம்.

வியாழன் சாயந்திரம் லயத்துக் குழாயடியில் பேசினோம். யோசனை சொன்னவன் நான்தான்.

“நாளைக்கு வேகமா செஞ்சு காட்டுவோம். பத்து மணிக்குள்ள முடிச்சிட்டா, இவனுங்க நல்ல ஆளுங்கன்னு துரை எல்லாரையும் வெச்சுக்குவாரு.”

“டேய், நீ என்ன பந்தயமா ஓடுற?” என்றான் கூட்டாளி. “சீக்கிரம் முடிஞ்சா, இத்தனை பேரு எதுக்குன்னுதானே கேப்பான்?”

“ஒனக்கு கால் வலி. அதான் அப்படிப் பேசுற.”

சொல்லியிருக்கக் கூடாது. அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மற்றவர்கள் என் பக்கம் பேசினார்கள்.

வெள்ளிக்கிழமை விடியும்போதே இறங்கிவிட்டோம். யாரும் சுருட்டு பிடிக்கவில்லை. தண்ணீர் குடிக்கக்கூட நிமிரவில்லை. செட்டிகள் குடியிருக்கும் பக்கம் ஓர் அம்மா வாசலுக்கு வந்து பார்த்தாள். பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்த அவர்கள் கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய். இன்றைக்கு ராஜா வருகிறாரா என்று மலாயில் கேட்டாள்.

“ராஜா இல்லம்மா, துரை,” என்றான் தோட்டத்து அண்ணன்.

“ராஜா வந்தா சோறாச்சும் போடுவாரு,” என்றான் தம்பி.

ஒன்பதரைக்குத் துரை வந்தார். கூடவே கிராணி. அப்போது என் பங்கு முடிந்து, கூட்டாளியின் பங்கில் இறங்கியிருந்தேன். கை தானாக அங்கே போய்விட்டது. துரை என்னையும் பார்த்தார், கொஞ்சம் தள்ளி மண்வெட்டியை ஊன்றி நின்ற அவனையும் பார்த்தார். கிராணியிடம் ஏதோ கேட்டார்.

“இது யாரு பங்கு?” என்றார் கிராணி.

“அவன் பங்குங்க.”

“அப்ப நீ ஏன் செய்யற?”

நான் குனிந்து அடுத்த மண்வெட்டிச் சேற்றை அள்ளினேன்.

பத்தாக ஐந்து நிமிடம் இருக்கும்போது முடித்தோம். தண்ணீர் தடையில்லாமல் ஓடியது. மண்வெட்டிகளைக் கழுவிக்கொண்டு வரிசையாக நின்றோம். துரை கடிகாரத்தைப் பார்த்தார். எங்களை எண்ணினார். எழுதினார். மண்டோர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் நான் செய்தது எனக்குப் புரிந்தது.

பதினொரு நாள் ஒரு தகவலும் இல்லை. அந்த நாட்களில் யாரும் என்னைத் திட்டவில்லை. பேசவும் இல்லை. ஆபீஸ் பக்கமிருந்து சைக்கிள் வந்தால் எல்லாருடைய மண்வெட்டியும் நின்றுவிடும். பிள்ளை பிறக்குமுன் சுவருக்கு அடிக்க என் மனைவி சுண்ணாம்பு வாங்கி வைத்திருந்தாள். டின்னைத் திறக்கவில்லை. திறக்கச் சொல்லி நானும் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் கிராணி தாளோடு வந்தார். இருக்கப்போகிறவர்களின் பெயரை மட்டும் படித்தார். ஏழு பெயர் படித்தாயிற்று. என் பெயர் வரவில்லை. கூட்டாளியின் பெயரும் வரவில்லை. கிராணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். எட்டாவது பெயர் என்னுடையது. தாளை மடித்துவிட்டார்.

போனவர்கள் புது ஆட்கள் மூவரும், கூட்டாளியும்.

“கால்வாய் அடைச்சா யாரைக் கேப்பாங்க?” என்றார் மண்டோர்.

“ஒங்களத்தான்,” என்றார் கிராணி.

கூட்டாளிக்கு செங் என்கிற ஊர்ப் பக்கம் தோட்டத்தில் ஒரு மச்சான் இருந்தான். அறையைக் காலி செய்து அங்கே கிளம்பினான். அவன் டிரங்குப் பெட்டியை நான்தான் பஸ் வரைக்கும் தூக்கிப் போனேன். வழியில் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஏறும்போது அவன்தான் திரும்பினான்.

“என் பங்குல இருக்கிற மதகுக்கு அடியில கண்ணாடித் துண்டு கெடக்கும். கையை விட்டுத் தொழாவாத.”

“சரிடா.”

பஸ் போய்விட்டது.

திடலைச் சுற்றி அந்த லைட்டுகள் பிற்பாடு வந்தன. மனைவி கேட்டாள் என்று கூட்டிப்போனேன். வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. அதற்குள் அறைக்கும் சுண்ணாம்பு அடித்திருந்தோம்.

ஆனால் அதற்கெல்லாம் முன்பு, அவன் போன மறுநாள் காலை, மண்டோர் கால்வாயைத் திரும்ப அளந்தார். அவர் முன்னால் நடந்தார். நான் பின்னால் நடந்து எண்ணிக்கொண்டே போனேன். என் பங்கு முடிகிற மரத்தடியில் அவர் நிற்கவில்லை. கூட்டாளியின் பங்கில் பாதி வரைக்கும் போய், மதகைத் தாண்டித்தான் நின்றார். “இதுவரைக்கும் நீ,” என்றார்.

முந்நூறு காலடி.