கை நனைத்த பிறகு

அப்பாவின் பழுப்புக் கோட்டை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் கோபம்தான் வருகிறது. முழங்கை தேய்ந்து, ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறத்தில் இருந்த அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் அவர் அப்புத்தளை ரயில் நிலையத்துக்கு மூட்டை தூக்கப் போனார். உடம்பில் கோட்டு, தலையில் சும்மாடு. பார்த்தவர்கள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றார்கள். கழற்றி வைத்துவிட்டுப் போங்கள் என்று நான் சொன்னபோது, "குளிருதும்மா" என்றார். அப்புத்தளையில் யாருக்குத்தான் குளிரவில்லை? அது குளிருக்குப் போட்ட கோட்டு இல்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

அப்பா இலங்கை மலைநாட்டில், அந்த அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். விடியும் நேரத்தில் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்தி, யாருக்கு எந்த மலையில் என்ன வேலை என்று பிரித்து அனுப்புவது அவர் பொறுப்பு. பிந்தி வந்தால், "இன்னைக்கு வேல இல்ல, போ" என்று திருப்பி விடுவார். கைக்குழந்தைக்காரிக்கும் அதே பதில்தான். அந்தக் கோட்டோடு அவர் வரும் பாதையில் ஆட்கள் தலைத்துணியை எடுத்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நிற்பார்கள். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் கல்யாணம் என்றால் போவார். வெற்றிலை எடுத்துக்கொள்வார், தம் கண்முன்னே மூடி திறந்த சோடாவில் இரண்டு மடக்குக் குடிப்பார், கிளம்பிவிடுவார். லயத்து வீட்டில் கை நனைப்பது கணக்கப்பிள்ளைக்கு அழகில்லை என்பது அன்றைய தோட்டத்தின் எழுதாத சட்டம். மற்றவர்கள் எப்படியோ, அப்பா அதைச் சந்தோஷமாகவே கடைப்பிடித்தார்.

எழுபதுகளில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. தோட்டத்தை நடத்தப் புதிய துரை வந்தார், அவருக்கு வேண்டியவர்கள் பின்னாலேயே வந்தார்கள். அப்பாவுக்கு வேலை போயிற்று, வேலையோடு இருந்த வீடும் போயிற்று. அம்மா அதற்கு முன்பே காய்ச்சலில் இறந்துவிட்டாள். நானும் அப்பாவும் அப்புத்தளைக் கடைவீதியில் ஒரு பலசரக்குக் கடைக்குப் பின்னால் இருந்த அறைக்குக் குடிபோனோம். பண்டாரவளை, பதுளை, ஸ்பிரிங்வெளி என்று அவர் வேலை கேட்டு அலையாத இடமில்லை. அவரோடு சீட்டாடிய பழைய கிளாக்கர்மார்கள் தெருவில் அவரைக் கண்டால் திடீரென்று ஏதாவது ஒரு கடைப் பலகையைப் படிக்க ஆரம்பித்துவிடுவார்கள். கடைசியில் கடைக்கார முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், அவர்தான் வாயைத் திறந்தார். "பழைய வேல வாறப்ப வரட்டும். அதுவரைக்கும் அடுப்பு எரியணுமே. டேசன்ல சாமான் தூக்க ஆளில்லாம நிக்கிறாங்க. வெக்கப்படாதீங்க." அப்பா அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

தோட்டத்துச் சனம் இந்தியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. யார் இங்கே, யார் அங்கே என்று இரண்டு அரசாங்கங்கள் பேசிப் பிரித்துக்கொண்டதில், இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் குடும்பம் குடும்பமாகத் கப்பல் புறப்படும் தலைமன்னாருக்குக் கோச்சி, அதாவது ரயில், ஏறினார்கள். வழியனுப்ப வந்தவர்களும் போகிறவர்களும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அழுவதால் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பேர். தகரப் பெட்டி, கம்பளி மூட்டை, அம்மிக் குழவி என்று சாமான்களுக்குக் குறைவில்லை. கூலிக்குத் தூக்குகிறவனுக்கு நல்ல காலம் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அப்பாவுக்கு அப்படி அமையவில்லை. எங்கள் தோட்டத்து ஆட்கள் லொறியிலிருந்து இறங்குவார்கள். அப்பா பெட்டியில் கை வைப்பார். "ஐயோ, ஐயா தூக்குறதா? பாவமுங்க" என்று பெட்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள். பிறகு, பழைய பாதையில் ஒதுங்கியது போலவே பிளாட்பாரத்திலும் ஒதுங்கி அவருக்கு வழி விடுவார்கள். அவர் அந்த வழியில் வெறுங்கையோடு நடந்து போவார். சுமை தூக்கிக் கூனிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். சுமை கிடைக்காமல் ஒரு மனிதர் கூனியதை அங்கேதான் பார்த்தேன். மரியாதை எங்கள் வீட்டுப் பானையைக் காயப் போட்டது. அந்தக் கோட்டைக் கழற்றினால் பாதி வில்லங்கம் தீரும் என்று எனக்குத் தெரிந்தது. அதைக் கழற்றினால் தம்மிடம் மிச்சம் எதுவும் இருக்காது என்று அவர் பயந்தார். எனக்கு அது பிறகுதான் புரிந்தது.

ஒரு நாள் மத்தியானம் அவருக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். எங்கள் தோட்டத்தில் கொழுந்தெடுத்த பெண் ஒருத்தி, புருஷனை இழந்தவள், இரண்டு பெண் பிள்ளைகளோடு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை பெற்ற புதிதில் பெரட்டுக்குப் பிந்தி வந்து அப்பாவால் திருப்பி அனுப்பப்பட்டவள்தான். அப்பா பெட்டியைக் கேட்டார். அவள் எழுந்திருக்கவில்லை. அதுவே அப்பாவுக்குப் புதிது.

"ஐயா, நீங்க எங்க வீட்டுல ஒரு நாளும் கை நனச்சதில்லீங்க" என்றாள்.

அப்பா நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"வேத்தாளு, அதுவும் பெரியவரு தூக்குனா எங்களுக்குப் பாவம். நம்ம வீட்டாளு தூக்குனா பாவமில்ல. கை நனைங்க. அப்புறம் தூக்குங்க." மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தாள். வழிக்குச் சுட்டு வந்த ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் இருந்தன.

பிளாட்பாரம் முழுக்க எங்களைத்தான் பார்த்தது. அப்பா கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். குழாயடியில் கை கழுவிக்கொண்டு வந்து, அவள் காலடியில், வெறுந்தரையில் உட்கார்ந்தார். ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டுச் சாப்பிட்டார். உறைப்பினாலோ என்னவோ கண்ணில் தண்ணீர் வந்தது. அவசரப்படாமல் கடைசித் துண்டு வரைக்கும் சாப்பிட்டு முடித்தார். பிறகு அவள் எழுந்து பெட்டியைக் காட்டினாள்.

அதன் பிறகு அவர் அந்தக் கோட்டைப் போடவே இல்லை. செய்தி தோட்டத்துக்குத் தோட்டம் பரவியிருக்க வேண்டும். வருகிற குடும்பமெல்லாம் அவரைத் தேடியது, ஆளுக்கு ஒரு வாய் கொடுத்தது. அவர் பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக் கொடுத்தார், போத்தலில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார், வயசாளிகளுக்கு ஜன்னலோர இடம் பிடித்தார். பெரட்டில் ஆட்களை விரட்டிய அதே குரலில் குடும்பம் குடும்பமாகப் பேர் கூப்பிட்டு, ஒரு பிள்ளையும் விடுபடாமல் ஏற்றினார். வீட்டுக்கு வந்து யார் யார் போனார்கள் என்று சொல்வார். சொல்லும்போது முகம் தெளிவாக இருக்கும், சொல்லி முடித்ததும் வாடிவிடும். தம்மைத் தெரிந்தவர்களை எல்லாம் தம் கையாலேயே ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார். கடைவீதியில் அவரோடு நின்று பேச மிஞ்சியது கடைக்கார நானா ஒருவர்தான்.

எனக்குக் கல்யாணமாயிற்று. என் கணவர் குடும்பத்துக்கும் இந்தியா போகப் பாஸ்போட் வந்தது. அப்பாவும் எங்களோடு வரலாம், அதற்கு வழி இருந்தது. அவர் மாட்டேன் என்றார்.

"நானும் ஏறிட்டா இங்க ஏத்திவிட யாரும்மா இருக்கா?"

"டேசன் என்ன உங்கள நம்பியா இருக்கு?" என்று கத்தினேன்.

"இல்லம்மா. நான்தான் அத நம்பி இருக்கேன்."

அவர் இல்லாமலே புறப்பட்டேன். இப்போது தமிழ்நாட்டில் கோத்தகிரிப் பக்கம் இருக்கிறேன். இங்கேயும் தேயிலைதான், இங்கேயும் குளிர்தான். அப்பா இறந்த செய்தி வந்து சேர்ந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. நானாவும் ஸ்டேஷன்காரர்களும்தான் எடுத்துப் போட்டார்களாம். அப்பாவை அங்கே தனியாக விட்டு வந்தேன் என்று எண்ணி அழுத நாட்கள் உண்டு. அவர்தான் என்னைத் தனியாக அனுப்பினார் என்று எண்ணிக் கோபப்பட்ட நாட்களும் உண்டு.

நான் புறப்பட்ட அன்று மழைத்தூறல். அப்பா என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். இடம் பிடித்தார், பெட்டியை உள்ளே தள்ளினார், தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். எல்லோருக்கும் செய்ததுதான். நான் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து ஜன்னல் வழியே நீட்டினேன். "ஒனக்கு இருக்கட்டும். வழி தூரம்" என்றார். கோச்சியின் அடுத்த பெட்டியருகே, எங்களுக்குத் தெரியாத குடும்பம் ஒன்று, பெரிய தகரப் பெட்டியைப் படியில் ஏற்ற முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. விசில் ஊதிவிட்டார்கள். அப்பா என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு அங்கே ஓடினார். கோச்சி நகரத் தொடங்கியபோது அவர் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. நான் கையசைத்தேன். அவர் இரண்டு கையிலும் பெட்டி இருந்தது.